வில் மாதிரி ஒரு ஊர்: பட்டு ஆலையும் 350 பெண்களும்

இன்னைக்கு நாம சீனாவுக்குப் போறோம். ஷாங்காய்க்கு மேற்கே, தாய்ஹு ஏரியோட தென்கிழக்குக் கரையில ஒரு கிராமம். பேரு கைஷியன்கோங். ‘நாண் இழுத்த வில்’னு அர்த்தம். ஊருக்குள்ள ஓடுற நீரோடை வில் மாதிரி வளைஞ்சு போறதால இந்தப் பேரு.

1930கள்ல இங்கே தண்ணிதான் ரோடு. தினமும் காலையில ஊர்லேருந்து படகு கிளம்பும். கரையோரம் நிக்கிறவங்க பாட்டிலையும் காசையும் கொடுத்து, இவ்வளவு எண்ணெய் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிவிடுவாங்க. படகுக்காரர் டவுன்ல வாங்கி சாயங்காலம் கொண்டுவந்து கொடுப்பார். நம்ம ஸ்விக்கி மாதிரிதான், ஆனா டெலிவரி சார்ஜ் கிடையாது! ஊர்க்காரங்க பட்டையும் அரிசியையும் அவர் மூலமா விக்கும்போது அவருக்குக் கமிஷன் கிடைக்கும்.

வீட்டுக்கு வீடு ஒரு அடுப்பங்கரை சாமியும் உண்டு. சோத்தை வீணாக்கினா அவர் பார்த்துட்டே இருப்பார். வருஷக் கடைசியில வானுலகம் போய் அந்த வீட்டைப் பத்தி ரிப்போர்ட் கொடுப்பார். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி ஒட்டும் அரிசியில செஞ்ச பலகாரம் படைச்சு வழியனுப்புவாங்க.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ஃபெய் ஷியாவ்தோங்னு ஒரு மானுடவியல் மாணவர். 1935 கடைசியில குவாங்ஷி மலையில ஆய்வுக்குப் போன இடத்துல புலிக்கு வெச்ச பொறியில சிக்கிக்கிட்டார். உதவி தேடிப் போன அவரோட மனைவி இறந்துட்டாங்க. காயம் ஆறுறதுக்காக 1936 கோடையில இந்த ஊருக்கு வந்தார். அவரோட அக்கா ஃபெய் தாஷெங் இங்கேதான் பட்டு வேலையைச் சீர்திருத்திட்டு இருந்தாங்க. ஓய்வெடுக்க வந்தவர் ஊரையே ஆராய்ச்சி பண்ணி, லண்டன்ல மாலினோவ்ஸ்கிகிட்ட ஆய்வேடா எழுதினார். 1939-ல புத்தகமா வந்துச்சு.

கதையோட மையத்துக்கு வருவோம். நெல்லு வயித்துக்கு, பட்டு கைச்செலவுக்கு. பெண்கள் வீட்டுலயே பட்டு நூல் எடுத்தாங்க. ஜப்பானோட மெஷின் பட்டு சந்தைக்கு வந்ததும் இவங்க கைநூல் விலை சரிஞ்சுது. அக்காவும் அவங்க சகாக்களும் 1929-ல ஊர்லயே ஒரு நீராவி ஆலை வெச்சாங்க. முதலாளி யாரும் இல்லை. கூட்டுறவு, ஊர்க்காரங்கதான் பங்குதாரர்கள்.

நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். அதனால அடுத்த கணக்கு என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. முன்னாடி சுமார் 350 பெண்கள் செஞ்ச வேலைக்கு, ஆலையில 70 பேர்கூடத் தேவைப்படலை. மீதிப் பேருக்கு வேலை போச்சு. நல்ல எண்ணம், ஊருக்கே சொந்தமான ஆலை, நல்ல டெக்னாலஜி. அப்படியும் இதுதான் நடந்துச்சு. சில பெண்கள் வேலை தேடி வெளியூர் போனாங்க.

மறுபக்கமும் இருக்கு. ஆலைக்குப் போன பெண்கள் கையில சொந்தச் சம்பளம். மழை வந்தப்போ குடை கொண்டுவர மறந்த புருஷனை ஒரு பெண் எல்லார் முன்னாடியும் திட்டினதை ஃபெய் எழுதியிருக்கார். பொண்டாட்டிக்குப் புருஷன் வெளிப்படையா வேலை செஞ்சு கொடுக்கிற வழக்கமே இல்லாத ஊர் அது! ஒரு குடைச் சண்டையில ஒரு தலைமுறை மாற்றம் தெரியுது.

ஆலை ஜப்பான் போர்ல அழிஞ்சுது. 1957-ல திரும்பி வந்த ஃபெய், விவசாயம் மட்டும் போதாது, கிராமத்துக்குத் தொழிலும் வேணும்னு எழுதினார். அதே வருஷம் ‘வலதுசாரி’ன்னு முத்திரை குத்தி ஒதுக்கிட்டாங்க. 1980கள்ல சீனக் கிராமங்கள்ல சிறுதொழில்கள் பெருகினப்போதான் அவர் பேச்சு மறுபடி எடுபட்டுச்சு.

மெஷின் வேணுமா வேண்டாமான்னு அவர் கேட்கலை. மிச்சமான கைகளுக்கு ஊர்லயே என்ன வேலைன்னு கேட்டார். ஏஐ பத்தி நம்ம ஆபீஸ்ல பேசும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.