'பிளான் 75' எந்தக் கதவு வழியா வந்தது?

'பிளான் 75' பார்த்தாச்சா? 75 வயது தாண்டியவர்கள் சம்மதித்தால், அரசாங்கமே சாக ஏற்பாடு செய்து தரும் திட்டம். செலவுக்குக் கையில 1 லட்சம் யென். படத்துல வில்லனே கிடையாது. கவுன்டர்ல இருக்கிற பையன் அவ்வளவு பணிவா பேசுறான். போன்ல ஆறுதல் சொல்ற பொண்ணுக்கு ஒரு அழைப்புக்கு 15 நிமிஷம்தான். ஒரே ஒரு ஐ.சி.யூ. படுக்கை மிச்சம் இருந்தா "வயசு என்ன?"ன்னு முதல்ல கேட்கிற துறையில இருந்து சொல்றேன், பாருங்க.

ஆனா இந்த த்ரெட் கதையைப் பத்தி இல்ல. இப்படி ஒரு படம் எப்படி வெளியே வருதுங்கிறதைப் பத்தி.

ஒரு காலத்தில் ஜப்பானில் இயக்குநர் ஆகணும்னா ஸ்டுடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்து வருஷக்கணக்கில் காத்திருக்கணும். அகிரா குரோசாவாவே அப்படி வந்தவர்தான். அப்புறம் வீட்டுக்கு வீடு டிவி வந்தது, தியேட்டர்கள் காலியாகின. 'ராஷோமோன்' தயாரித்த டாயெய் நிறுவனம் 1971ல் திவால். அதே வருஷம் நிக்காட்சு ஸ்டுடியோ பாலியல் படங்களுக்கு மாறியது. ஏணியே போச்சு.

அடுத்த வருஷம், 1972ல், ஹிரோஷி யனாய் என்ற கல்லூரி மாணவர் நண்பர்களோடு 'பியா'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். டோக்கியோவில் எந்தத் தியேட்டரில் என்ன படம், எத்தனை மணிக்கு. அவ்வளவுதான் விஷயம்! 1977ல் அதே பியா ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கியது. 8 எம்.எம். கேமராவில் சொந்தக் காசில் எடுத்த படங்களுக்கும் அங்கே திரை கிடைத்தது. கியோஷி குரோசாவா (அகிராவுக்குச் சொந்தம் இல்லீங்க), ஷின்யா சுகாமோட்டோ எல்லாம் இங்கே தெரிய வந்தவங்க. சுகாமோட்டோ 1988ல் பெரிய பரிசு வாங்கினார், அடுத்த வருஷமே 'டெட்சுவோ' வந்தது.

எனக்குப் பிடிச்சது 1984ல் அவங்க செஞ்சதுதான். பரிசு கொடுத்து போட்டோ எடுத்து அனுப்பாம, தேர்ந்தெடுத்தவரின் அடுத்த படத்துக்குக் கதை தொடங்கி வெளியீடு வரை கூடவே நின்னாங்க. டிஸ்சார்ஜ் சம்மரியோட கைகழுவாத ஃபாலோ-அப்.

'பிளான் 75' இயக்குநர் சியே ஹயகாவா பகலில் வேலை, மாலையில் திரைப்படப் பள்ளி என்று இருந்தவர். 1976ல் பிறந்தவர், அதனால 'இனிமே எங்க'ன்னு நினைக்கிற வயசுதான். அப்போ எடுத்த 'நயாகரா' குறும்படத்துக்கு 2014ல் பியா பெரும்பரிசு. அதே வருஷம் கான் விழாவின் மாணவர் பிரிவிலும் அது இடம்பெற்றது.

2016 ஜூலையில் சகமிஹாரா நகரத்தில், மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்குள் அங்கே முன்பு வேலை பார்த்தவனே புகுந்து 19 பேரைக் கொன்றான். அவங்க வாழ்ந்து யாருக்கும் பயனில்லைங்கிறதுதான் அவன் வாதம். அந்தக் கோபத்தில் பிறந்த கதை இது என்று ஹயகாவா சொல்லியிருக்கிறார். முதலில் கோரே-எடா மேற்பார்வையில் 2018ல் வந்த 'டென் இயர்ஸ் ஜப்பான்' தொகுப்பில் குறும்படம். பிறகு ஜப்பான், பிரான்ஸ், பிலிப்பைன்ஸ், கத்தார் பணத்தில் முழுநீளப் படம். 2022 கான் விழாவில், முதல் படங்களுக்கான கேமரா தோர் விருதில் சிறப்புக் குறிப்பு. அடுத்த படம் 'ரெனுவார்' 2025ல் கான் முதன்மைப் போட்டிக்கே போயிடுச்சு.

பியாவின் அச்சுப் பத்திரிகை 2011லேயே நின்னுபோச்சு. தியேட்டர் நேரம் எல்லாம் போன்லயே வந்துடுதே. விழா மட்டும் இன்னும் நடக்குது.