வேய்தலும் பூசுதலும்: திருவரங்கத்துப் பழமனைகளின் புறச்சுவர்

பழைய மனையைப் புதுக்க எண்ணுவோர் முதற்கண் கைவைப்பது அதன் புறச்சுவரிலேயாம். வெயிலும் மழையும் முதலில் தாக்குவதும், காண்பார் கண்ணுக்கு முதலில் தோன்றுவதும் அதுவே. எனவே, புறத்தைப் புதுக்குதல் அழகு பற்றிய செயல் என்று பலர் கருதுவர். அஃது உண்மையில் மனையின் உயிர் பற்றிய செயல் என்பதைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் ஆகிய ஈரூர்களின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

இப் பொருளுக்குரிய சொற்கள் நம் மொழியில் மிகப் பழையன. கூரையைப் புல்லாலும் ஓலையாலும் மூடுதல் ‘வேய்தல்’ எனப்படும். சுவரின் மேற் பூசப்படும் சுண்ணச் சாந்து ‘சுதை’ எனப்படும். நக்கீரர் பாடிய நெடுநல்வாடை, அரசியின் மனையைக் கூறுமிடத்து, அதன் சுதையை வெள்ளிக்கும் சுவரைச் செம்புக்கும் உவமையாக்குகின்றது. சுவர் வேறு, அதன் மேற்போர்வை வேறு, இரண்டும் தத்தமக்குரிய நேர்த்தி உடையன என்பது சங்கப் புலவர்க்குத் தெரிந்திருந்தது.

முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி ஆக்கியதாகத் தன் கல்வெட்டிற் கூறிக்கொள்கின்றான். இந் நான்கும் இல்லாமை பெருமையாகச் சொல்லப்பட்டதெனின், அவற்றாற் கட்டுதலே அந் நாளைய பெருவழக்கு என்பது பெறப்படும். அம் மன்னனே திருச்சிராப்பள்ளி மலையிலும் ஒரு குடைவரை அமைத்தான். கல்லிற் குடைந்தது இன்றும் நிற்கின்றது. செங்கல்லாலும் மரத்தாலும் எழுந்த அக் காலத்து மனைகள் மறைந்தன. பூச்சுடைய கட்டடம் இடைவிடாப் பேணுதலால் மட்டுமே நிலைபெறும் என்பதற்கு இவ் வேறுபாடே சான்று.

இனித் திருவரங்கத்தை நோக்குவோம். வைணவர்க்குக் ‘கோயில்’ என்ற சொல் வேறு அடையின்றி இவ்வூரையே குறிக்கும். அச் சொல்லோ தலைவனின் இல்லம் என்னும் பொருளது. 1251-இல் ஆட்சிக்கு வந்த முதலாம் சடாவர்மன் சுந்தர பாண்டியன் இங்குள்ள விமானத்துக்குப் பொற்றகடு போர்த்து, ‘கோயில் பொன் வேய்ந்த பெருமாள்’ எனப் பெயர் பெற்றான். குடிசைக்குப் புல் வேய்ந்த அதே வினைச்சொல் கோயிலுக்குப் பொன் வேய்தற்கும் ஆயிற்று. பொருள் மாறினும் பணி ஒன்றே என்று நம் முன்னோர் கொண்டமை இதனால் விளங்கும். பின்னர் 1323-இல் நேர்ந்த படையெடுப்பால் கோயில் சிதைவுற்றது. 1371-இல் கோபண்ணர் முயற்சியால் திருவரங்கன் மீண்டும் எழுந்தருளினான். அதன்பின் நிகழ்ந்த திருப்பணிகள் பலவற்றைக் கோயிலொழுகு என்னும் நூல் தொகுத்துரைக்கின்றது.

நம் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு கருதத்தக்கன. நெடுங்காலம் முற்றுப்பெறாது நின்ற தெற்கு இராசகோபுரம் 1987 மார்ச்சில் பதின்மூன்று நிலைகளோடு நிறைவெய்தியது. அதிற் செங்கல்லோடு சிமெண்டும் இரும்பும் பயன்பட்டன. ஆனால் அது புதிதாக எழுப்பிய பணி. 2015-இல் குடமுழுக்கோடு நிறைவுற்றது பழையதைப் புதுக்கிய பணி. அப்போது பிற்காலத்தார் சேர்த்த கட்டுமானங்கள் நீக்கப்பட்டன. மரபுவழிச் சுண்ணச் சாந்து கையாளப்பட்டது. மழைநீரை வெளியேற்றும் பழைய வடிகால் வழிகள் மீட்கப்பட்டன. 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு விருது வரிசையில் இதற்குச் சிறப்பு விருது கிடைத்தது.

சுண்ணச் சாந்தைத் தேர்தல் பழமைப் பற்று மட்டும் அன்று. திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. இங்கே நிலத்தின் ஈரம் செங்கற் சுவரில் ஏறும். சுண்ணப் பூச்சு நுண்துளை உடையதாதலின் அவ் வீரம் வெளியேறி உலரும். சிமெண்டுப் பூச்சோ இறுகியது. அதன் பின்னே ஈரம் தங்கும். ஈரத்தோடு வந்த உப்புப் படிந்து செங்கல்லை அரிக்கும். பழஞ் செங்கல் மென்மையானது; தன்னினும் வலிய போர்வையைத் தாங்காது. மேலே உறுதி தோன்ற, உள்ளே சுவர் நலியும். சுண்ணத்தோடு கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் புளிக்கவைக்கும் கொத்தனார் மரபு, சாந்துக்கு இழைவும் பிடிப்பும் தருவதற்காக எழுந்தது.

இவ்வுண்மை கோயிற் சுவரோடு அமைவதன்று. ஏழு சுற்றுக்களுள் வெளிச்சுற்றுக்கள் மக்கள் வாழும் வீதிகளாம். உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் திண்ணையும் முற்றமும் உடைய பழமனைகள் சில இன்றும் உள. அவற்றின் முகப்பில் மெருகேற்றிய கற்பலகைகளை ஒட்டுவோரும், திண்ணையை இடித்து இரும்புக் கதவு நாட்டுவோரும் உளர். வாழ்வோரின் வசதியை மறுத்தல் நம் கருத்தன்று. வண்டி நிறுத்த இடம் வேண்டும். ஆண்டுதோறும் வெள்ளையடிக்கப் பொருளும் ஆளும் வேண்டும். சுண்ணம் அரைக்கத் தெரிந்த கொத்தனாரோ அருகிவிட்டனர். கோயிற் பணி முடிந்ததும் அக் கைகள் வீதி மனைகளுக்கும் வருமாறு செய்தால் மரபும் பிழைக்கும், மனையும் பிழைக்கும்.

புதுக்குதல் ஒருமுறையோடு முடிவதும் அன்று. 2023 ஆகஸ்டில் கீழைவாயிற் கோபுரம் ஒன்றின் கீழ்நிலையில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. பெருங்கோயிலுக்கே இந் நிலையெனின் தனிமனைகளைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. கூரையை ஆண்டுதோறும் வேய்ந்த குடியானவன் அறிந்திருந்த உண்மை இதுவே: போர்வை தேய்வதற்கென்றே உள்ளது. அது தேய்ந்து சுவரைக் காக்க வேண்டும்; சுவரைத் தேய்த்துத் தான் நிற்றல் ஆகாது.