மாத்தளையில் தவிலும் தப்பும்

ஒரு தோற்கருவியின் மதிப்பை அதன் நாதம் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதற்கு மாத்தளை மாவட்டம் தக்க சான்றாகும். முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசிமகப் பஞ்சரத பவனியில் முழங்கும் தவில், பலாமரத்தைக் குடைந்து செய்யப்படுவது. ஒருபுறம் கோலும் மறுபுறம் கூடணிந்த விரல்களும் எழுப்பும் அதன் ஒலி நாதசுரத்தோடு இழைந்து செல்லும். அதற்கு அரங்கும் மரியாதையும் உண்டு. தப்போ ஒரு மரவளையமும் அதன்மேல் இழுத்துக் கட்டிய தோலுமே. தீயிற் காய்ச்சினாலன்றி அது கணீரென்று ஒலிக்காது.

ஆயினும், மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்த கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றோடு ஒட்டிநின்றது தப்பே. விடியுமுன் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது அது. துரைக்கு அது மணிக்கூடு. அதே தப்பு திருவிழாவுக்கும் சாவீட்டுக்கும் முழங்கிற்று. இத்தனைக்கும் பயன்பட்ட கருவியை இழிந்ததெனத் தள்ளியதற்கு அதன் ஒலி காரணமாகாது. அடித்தவரின் சாதியே காரணம். தவிலின் நயத்தைப் புகழ்வோர் இதனை எளிதில் மறந்துவிடுகின்றனர். மாசியில் காமன் கூத்து நிகழும் இரவுகளிலோ, இரதியும் மன்மதனும் தப்பின் அடிக்கே காலெடுத்து வைப்பர்.