ரூஸ்வெல்ட் பெற்ற முதல் துப்பாக்கி

வேட்டை பயிலும் பிள்ளைக்கு முதல் துப்பாக்கியைத் தேர்ந்து கொடுக்கும் தந்தை, கருவியை மட்டுமன்றிப் பிள்ளையையும் நன்கு ஆராய்தல் வேண்டும். இதற்குச் சரித்திரம் தரும் சான்று ஒன்றுண்டு.

1872ஆம் ஆண்டுக் கோடை காலம். நியூயோர்க் நகரச் செல்வர் ஒருவர், பறவைகளைச் சேகரித்து ஆராய்வதில் விருப்புற்ற தம் 13 வயது மகனுக்கு இருகுழல் துப்பாக்கியொன்றை அளித்தார். அது பிரான்சிற் செய்யப்பட்டது. பின்புறத்தால் தோட்டா இடுவது. அம்மகனே 1901இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதியான தியடோர் ரூஸ்வெல்ட்.

கைத்திறனும் கவனமும் குறைந்த சிறுவனுக்கு அது மிக ஏற்றதே என்று 1913இல் வெளியான தம் சுயசரிதையில் அவர் எழுதினார். துருவேறி இறுகினால் செங்கல்லால் தட்டியும் அதனைத் திறக்கலாமாம்! ஆயினும், சிக்கிய தோட்டாவை அவ்வாறு தட்டியெடுக்க முயன்று, வெடிமருந்துத் துகள்கள் தோலிற் பதிந்ததும் உண்டு.

துப்பாக்கியிற் குறையில்லை, எனினும் தோழர் கண்ட பறவைகள் அவருக்குத் தென்படவில்லை. ஒருநாள் தொலைவிலிருந்த விளம்பரப் பலகையைத் தோழர் வாசித்தனர். அவருக்கோ எழுத்துகளே தோன்றவில்லை. அதனைத் தந்தையிடம் கூறினார். விரைவில் மூக்குக்கண்ணாடி வந்தது. உலகின் அழகும் அப்பொழுதே புலனாயிற்று.

வீட்டார் அறியாதிருந்த குறையை வெளிப்படுத்தியது அத்துப்பாக்கியே. கருவியைத் தேர்வதன் முன் கண்ணைச் சோதித்தல் பெற்றோர் கடனாகும்.