போட்ரும்: வழியான கடலும் வேலியான கடலும்

துருக்கியின் தென்மேற்குக் கரையிலுள்ள போட்ரும் நகரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். எங்கோ ஒதுங்கிக் கிடந்த மீன்பிடிக் கிராமத்துக்குச் சுற்றுலா வந்தது, அது உலகறிந்த உல்லாச நகரமாயிற்று என்பது அந்தக் கதை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பின்னால் மலைகள், முன்னால் ஏஜியன் கடல், எதிரே சுமார் 20 கி.மீ. தொலைவில் கோஸ் தீவு என்ற இந்த அமைப்பு 2,500 ஆண்டுகளாக அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் இதே இடம் ஒரு காலத்தில் தலைநகராக இருந்தது. வேறொரு காலத்தில் தண்டனை பெற்றவர்களை அனுப்பிவைக்கும் மூலையாக இருந்தது. ஆகவே ஒதுக்கம் இந்த ஊரின் பிறவிக்குணம் ஆகாது. எதிரே விரிந்த கடல் வழியாக இருந்ததா, வேலியாக இருந்ததா என்பதே ஊரின் விதியைத் தீர்மானித்தது.

அன்று இதன் பெயர் ஹாலிகர்னாசஸ். வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில், பாரசீகப் பேரரசின்கீழ் காரியா நாட்டை ஆண்ட மௌசோலஸ், உள்நாட்டு நகரமான மிலாசாவிலிருந்து தலைநகரை இங்கே மாற்றினான். ஓர் அரசனின் விருப்பம் செய்த வேலையைக் கடலின் கணக்கில் எழுதலாமா என்று கேட்கலாம். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதற்கு விடை தருகிறார்: இயற்கை அரண், சந்தைக்கேற்ற இடம், நல்ல துறைமுகம் என்று மூன்றையும் பார்த்தே மௌசோலஸ் இவ்வூரைத் தேர்ந்தான் என்கிறார். அரசனின் விருப்பத்துக்குக் காரணமே துறைமுகம்தான். கி.மு. 353-இல் அவன் இறந்தபின், ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்தில் எழுந்த அவனுடைய கல்லறைக்குச் சிலை செதுக்க ஸ்கோபாஸ் உள்ளிட்ட கிரேக்கச் சிற்பிகள் வந்தார்கள். பழைய ஏழு உலக அதிசயங்களில் அது ஒன்று. கி.மு. 334-இல் அலெக்சாந்தர் முற்றுகையிட்டபோது கடல் பாரசீகர் கையில் இருந்தது. தரைப்பக்கம் நகரம் வீழ்ந்த பிறகும் தளபதி மெம்னான் கடல் வழியே தப்பினான். துறைமுகத்தை ஒட்டிய அரண்கள் மேலும் பல மாதங்கள் தாக்குப்பிடித்தன.

வேலிக்காலம் 15-ஆம் நூற்றாண்டில் வந்தது. ரோட்ஸ் தீவை ஆண்ட புனித யோவான் வீரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். இன்று போட்ருமின் முகமே அந்தக் கோட்டைதான். அப்படியானால் அது செழிப்பின் சான்று இல்லையா? என் பார்வையில் இல்லை. அது பகைவரான ஒட்டோமான் துருக்கியரின் கரையில் பிடித்துவைத்த காவல்நிலை. நிலநடுக்கங்களில் சரிந்திருந்த மௌசோலஸின் கல்லறையைப் பெயர்த்து அதன் கற்களைச் சுவரில் பதித்தார்கள். பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். ஓர் உலக அதிசயம் எல்லைச் சுவராகிப் போனது. இந்த ஊரின் வரலாற்றில் நான் மிகவும் வருந்தும் இடம் இது.

1523-இல் கோட்டை ஒட்டோமான் கைக்கு வந்ததும் இரு கரைகளும் ஒரே அரசின்கீழ் ஆயின. அப்போதும் ஊர் பழைய நிலைக்கு ஏறவில்லையே என்பது என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி. வழி திறந்திருந்தால் மட்டும் போதாது, சரக்கும் அந்த வழியே வரவேண்டும். பிற்காலத்தில் ஏஜியன் கரையின் பெருவணிகம் இஸ்மிர் துறைமுகத்துக்குப் போயிற்று. ஆனாலும் போட்ரும் படகு கட்டியது, கடற்பஞ்சு எடுத்தது, எதிர்த் தீவுகளோடு கொடுக்கல் வாங்கல் நடத்தியது. 1912-இல் இத்தாலி கோஸைப் பிடித்தது. 1923-இன் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தால் கிரேக்கக் கிறித்தவர்கள் வெளியேற, கிரீட் தீவு முஸ்லிம்கள் வந்து குடியேறினார்கள். கடல் மறுபடி வேலியான அந்தக் காலத்தில்தான், 1925-இல், எழுத்தாளர் ஜெவாத் ஷாகிரை அரசு தண்டனையாக இங்கே அனுப்பிவைத்தது. தண்டனை தீர்ந்தபின் அவர் தாமே திரும்பிவந்து, ‘ஹாலிகர்னாஸ் மீனவர்’ என்ற புனைபெயரில் இந்தக் கடலையே எழுதினார். கடற்பஞ்சுப் படகுகளில் நண்பர்களோடு அவர் சென்ற பயணங்களிலிருந்து கிளைத்ததே ‘நீலப் பயணம்’ என்னும் இன்றைய படகுச் சுற்றுலா.

கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்களுக்கு உரிய பெயர் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். ஆழத்தில் கிடந்த பழங்கலங்களை ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள். அவர்கள் சொன்ன தகவலைப் பின்பற்றித்தான் 1960-இல் கெலிடோன்யா முனையில் தொல்லியலாளர் ஜார்ஜ் பாஸின் கப்பல் அகழாய்வு நடந்தது. சுமார் 10 டன் செம்பு ஏற்றிச்சென்ற, 3,300 ஆண்டுப் பழமையான உலுபுருன் கப்பலை 1982-இல் கண்டவரும் அவர்களில் ஒருவரே. இவற்றின் பொருள்கள் இன்று போட்ரும் கோட்டைக்குள் நீரடித் தொல்லியல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

சாலையும், 1997-இல் திறந்த விமான நிலையமும்தானே கூட்டத்தைக் கொண்டுவந்தன, கடலுக்கு இதில் என்ன பங்கு என்று கடைசியாகக் கேட்கலாம். வாகனம் வேறானாலும் வருகிறவர்கள் தேடி வருவது கடலைத்தான். அந்தக் கடலும் எல்லாருக்கும் வழியாகிவிடவில்லை. சுற்றுலாப் பயணி படகேறிச் சிறிது நேரத்தில் கோஸில் இறங்குகிறார். 2015 செப்டம்பரில் அதே தீவை நோக்கி ரப்பர் படகில் கிளம்பிய சிரியக் குடும்பங்களுக்குச் சீட்டு வாங்கும் உரிமை இல்லை. அதனால்தான் இரவில் உயிரைப் பணயம் வைத்தார்கள், அதனால்தான் குழந்தைகள் மூழ்கினார்கள்.