ஊரை எண்ணிய கதை

திருமலைக் கோயிற் சுவர்களிலுள்ள கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பதை நாம் அறிவோம். அவற்றைப் படிப்போர்க்கு ஒன்று விளங்கும். அரசர் பெருமை அங்கே சில வரிகளே, எஞ்சியவை கணக்கு. இன்ன விழாவுக்கு அரிசி இத்தனை மரக்கால், நெய் இத்தனை நாழி, அதற்கென வைத்த பொன் இவ்வளவு என்று அளந்து அளந்து வெட்டியிருக்கிறார்கள். நம் முன்னோர் எண்ணுவதில் சோம்பியவரல்லர். ஆயினும் அக்கணக்கு கோயிலுக்கு வந்ததைச் சொல்லுமேயன்றி, அந்நெல்லை விளைவித்தவன் வீட்டில் உலை கொதித்ததா என்பதைச் சொல்லாது. உழுதவன் கூலியையும், நெய்தவன் கடனையும், சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் முறையாக எண்ணத் தொடங்கியது மிக அண்மைக் காலத்தில்தான். அந்த வரலாற்றில் நம் தொண்டை நாட்டுக்கும் பங்குண்டு. நம்மைப் போல எல்லையோரத்தில் வாழும் குடும்பங்களுக்கு அதில் ஒரு படிப்பினையும் உண்டு.

சென்னை மாகாணத்தில் 1871-இல் முறையான மக்கட்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை நாடு முழுதும் எண்ணினர். ஆனால் தலைகளை எண்ணுவது வேறு. வாழ்க்கையை எண்ணுவது வேறு. இரண்டாவது பணிக்கு வித்திட்டவர் கில்பர்ட் சிலேட்டர். ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் கல்விக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்த அவர், 1915-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து, பல்கலைக் கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரானார். ஊரை அறியாமல் இந்நாட்டின் பொருளாதாரத்தை அறிய இயலாது என்பது அவர் கொள்கை. ஆகவே மாணவர் கையில் வினாப்பட்டி ஒன்றைக் கொடுத்து, விடுமுறையில் ஊர்களுக்குச் சென்று விடை கொண்டுவரச் செய்தார். நிலம் யாரிடம்? கூலி நெல்லா, பணமா? கடன் எவ்வளவு, வட்டி என்ன? ஒரு குடும்பம் உண்பதென்ன, உடுப்பதென்ன? இவையே வினாக்கள்.

1916-இல் நடந்த இவ்வாய்வு 1918-இல் நூலாக வெளிவந்தது. வட ஆர்க்காட்டுத் தூசி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு, தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், நெல்லைச் சீமையின் கங்கைகொண்டான் ஆகியவை அதில் இடம்பெற்ற ஊர்களுட் சில. 1911-இல் சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரியும் வரை, வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர் நம் சித்தூரே. அவ்வகையில் தூசியும் ஒரு காலத்தில் சித்தூர்க் கச்சேரியின் ஆட்சிக்குட்பட்ட ஊர்தான்.

இருவேல்பட்டில் கண்ட ஒரு செய்தி நெஞ்சை உறுத்துவது. அவ்வூரில் படியாள் என்போர் இருந்தனர். மகன் திருமணத்துக்கென்று நிலக்கிழாரிடம் ஐம்பதோ, சற்று மிகுதியாகவோ கடன் வாங்கிய ஏழை, அதைத் தீர்க்கும் வரை அவர் நிலத்திலேயே உழைக்கக் கடமைப்பட்டான். கடனோ தீர்வதில்லை, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. ஊரின் மொத்த விளைச்சலைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொன்னால் இந்த மனிதன் கணக்கில் தெரியமாட்டான். சராசரி அவனை மறைத்துவிடும். வீடு வீடாகக் கேட்டதனாலன்றோ அவன் ஏட்டில் ஏறினான்!

சிலேட்டரின் பணி அவரோடு நின்றுவிடவில்லை. பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகிய இருவரின் தலைமையில், 1936-37-இல் அதே ஊர்களுக்கு மீண்டும் சென்று ஆராய்ந்தனர். அந்நூல் 1940-இல் வெளிவந்தது. இடையில் 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் நெல் விலையை வீழ்த்தியிருந்தது. விலை பாதியாக விழுந்தால் பழைய கடனைத் தீர்க்க இரு மடங்கு நெல் வேண்டும் என்பது எளிய கணக்கு. ஏட்டில் கடன் தொகை மாறவில்லை; உழவன் முதுகில் அதன் சுமை இரட்டித்தது. ஒரே ஊரை ஒரே வினாவோடு இரண்டாம் முறை எண்ணும்போதுதான் இத்தகைய மாற்றம் புலனாகும். இருவேல்பட்டை 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல்லும், 1981-இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும், 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோரும் மீண்டும் ஆராய்ந்தனர். படியாள் முறை மறைந்ததையும், வயலுக்கு வெளியே கிடைத்த வேலைகள் உழைப்பவரின் சார்பு நிலையைத் தளர்த்தியதையும் இந்த நெடுங்கணக்கு நமக்குக் காட்டுகின்றது. ஒரு சிற்றூரின் வாழ்க்கையைத் தொண்ணூறாண்டுக் காலம் தொடர்ந்து எண்ணியது உலகில் அரிதான செயல்.

எனினும் இம்முறைக்குக் குறையும் உண்டு. ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது பழமொழி. பானை நன்கு கிளறப்பட்டிருந்தால் அது உண்மை. அடி வெந்து மேல் வேகாதிருந்தால், எடுத்த சோறு நம்மை ஏமாற்றும். சிலேட்டரின் ஊர்கள் குலுக்கி எடுத்த சோறல்ல. மாணவர்க்கு எட்டிய ஊர்கள். கல்லூரிக்குப் பிள்ளையை அனுப்ப இயலாத ஊர் அந்தப் பட்டியலில் சேர்வது அரிதன்றோ? இக்குறையை நீக்கும் வழியை நம் நாட்டில் வளர்த்தவர் பி. சி. மகலனோபிஸ். 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அவர், எந்த ஊர், எந்த வீடு என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல், சீட்டுக் குலுக்கல் போன்ற முறையால் தெரிவு செய்யச் செய்தார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு இம்முறையால் நாடெங்கும் குடும்பச் செலவுகளை அளந்தது.

எண்ணிய பின் காரணம் காண வேண்டும். அதற்குப் பொருளாதார அறிஞர்கள் ‘மாதிரி உரு’ ஒன்றை அமைக்கின்றனர். சிற்பி முதலில் மெழுகில் உரு வார்ப்பது போன்றது இது. முன்னைச் சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளித் தக்காளிச் சந்தையை எண்ணிப் பாருங்கள். இவ்வாண்டு விலை ஏறினால் அடுத்த பருவத்தில் எல்லாரும் தக்காளி நடுகின்றனர். சரக்கு குவிந்து விலை விழுகின்றது. விழுந்ததும் பலர் கைவிடுகின்றனர்; சரக்கு குறைந்து விலை மீண்டும் ஏறுகின்றது. விலையையும் விளைவையும் தாளில் கோடிட்டால் சிலந்தி வலை போலத் தோன்றும். 1938-இல் அமெரிக்க அறிஞர் மோர்டெகாய் எசக்கியேல் இதனைச் சிலந்திவலைத் தேற்றம் என்றே விளக்கினார். மழையும் நோயும் வலையை மேலும் சிக்கலாக்கும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய தக்காளி, சில வாரங்களிலேயே சரிந்ததை நாம் அனைவரும் கண்டோம். தனி உழவன் செய்வது அறிவுடைய செயலே; எல்லாரும் ஒருங்கே செய்யும்போதுதான் அது இழப்பாகின்றது. இதைக் காட்டுவதே மாதிரி உருவின் பயன்.

இனி நம் வாசலுக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சித்தூர் மாவட்டம் சென்னை மாநிலத்தில் இருந்தது. அப்போது ஒவ்வொரு வீட்டிலும் தாய்மொழி எது என்று கேட்டுக் குறித்துச் சென்றனர். விடை சொன்னோர் அதனைப் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் அதனோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடவெல்லைக் கிளர்ச்சிக்குப் பின், எச். வி. படாஸ்கர் நடுவராக அமைந்தார். ஊரே அலகு, நிலத் தொடர்ச்சி வேண்டும், பெரும்பான்மையோர் மொழியே முடிவு என்பவை அவர் கொண்ட நெறிகள். அலகின் ஆற்றலை இங்குக் காண்க. பத்துச் சம ஊர்கள் கொண்ட வட்டத்தில் ஆறு ஊர் தெலுங்கு, நான்கு ஊர் தமிழ் என்று கொள்வோம். வட்டத்தை அலகாகக் கொண்டால் நான்கும் மறையும்; ஊரை அலகாகக் கொண்டால் நான்கும் தெரியும். 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரத்தில் சேர்ந்தன. ஒன்பதாண்டுக்கு முன் வாசலில் நின்று சொன்ன விடை எல்லைக் கோடாயிற்று.

கோடு எங்கே போனாலும் இரு பக்கத்திலும் மற்ற மொழியினர் எஞ்சுவர். விஜயபுரத்திலும் நகரியிலும் சத்தியவேட்டிலும் தமிழ் ஒலிக்கின்றது. திருத்தணியில் தெலுங்கு ஒலிக்கின்றது. இவர்களைக் காக்கும் நெறிகளும் எண்களாலேயே அமைந்தன. 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி, ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகளோ, ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ இருப்பின் அவர்தம் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர ஆசிரியர் வேண்டும் என்று முடிவு செய்தனர். ஒன்பது பிள்ளைகள் என்றால் கேட்க உரிமையில்லை. பத்தாவது பிள்ளை வந்தால் ஆசிரியர் வருவார்!

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச்சு 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது. ‘இங்கே தெலுங்கு என்று சொல்வதே எளிது’ என்று தமிழ் பேசும் வீட்டார் சிலர் கருதலாம். ‘எண்ணிக்கை கூடட்டும்’ என்று தெலுங்கு பேசும் உறவினரையும் தமிழில் சேர்க்க வேறு சிலர் விரும்பலாம். இரண்டும் தவறு. முன்னது பிள்ளைகளின் ஆசிரியரை இழக்கச் செய்யும். பின்னது நம் சொல்லின் மதிப்பையே இழக்கச் செய்யும். தாய் நம்மிடம் குழவிப் பருவத்தில் பேசிய மொழி எதுவோ அதைச் சொல்வோம். அறிந்த மொழிகளைக் கேட்டால் தெலுங்கையும் பெருமையோடு சொல்வோம். கணக்கெடுப்பவர் எழுதி முடித்தபின் எழுதியதைக் காட்டச் சொல்லிப் பார்ப்போம். இந்த ஆண்டு விழாவுக்கு வந்துள்ள ஒவ்வொரு குடும்பமும் இச்செய்தியை அண்டை வீட்டுக்கும் எடுத்துச் செல்லுமாயின், சங்கத்தின் பணிகளுள் அதுவும் ஒரு நற்பணியாகும்.