ஜாம் போத்தல் விளக்கும் ஒரு கொப்பி மட்டையும்

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பின்னால் வந்த பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் பற்றறியும் அகப்பட்டன. நல்லூரில் எங்கள் வீட்டு அரிக்கன் லாந்தர் பரணுக்குப் போனது. அது குடிக்கிற எண்ணெய்க்கு எங்கே போவது? அதன் இடத்துக்கு ஜாம் போத்தல் விளக்கு வந்தது. சிக்கன விளக்கு என்றும் சொல்லுவோம்.

போத்தலின் அடியில் பஞ்சு, அது ஊறுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். சைக்கிள் ரியூப்பின் வால்வுக் குழாயில் நூல்திரியைக் கோத்து, கம்பியில் மாட்டிப் பஞ்சில் தொட இறக்கிவிடுவோம். உயர்தரப் பரீட்சைக்கு நான் படித்தது இந்த வெளிச்சத்தில்தான்.

அதன் எண்ணெய்ச் சிக்கனத்தை எல்லோரும் சொல்லுவார்கள். நான் சொல்ல வருவது கண்ணைப் பற்றி. அந்தச் சின்னச் சுடரே கண்ணைக் கூசச் செய்யும். சுற்றிவர இருட்டு என்பதால் கருமணி விரிந்திருக்கும். நேரே தெரியும் சுடரின் ஒளி கண்ணுக்குள் சிதறி எழுத்தை மங்கவைக்கும். அம்மா ஒரு பேணியைக் கவிழ்த்து அதன்மேல் போத்தலை வைத்தா. பழைய கொப்பி மட்டையை வெட்டி, என் முகத்துப் பக்கமாக நூலால் கட்டினா. மட்டையின் கீழ் விளிம்பு சுடரின் அடியோடு நிற்கவேண்டும்: இறங்கினால் கொப்பி இருண்டுவிடும், ஏறினால் கண் கூசும். விளக்கு இடக்கைப் பக்கம் இருக்கவேண்டும், எழுதுகிற கையின் நிழல் விழாமல். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போனபோதும் போத்தலும் வால்வும் பையில் வந்தன.

டென்மார்க்கில் போல் ஹென்னிங்சன் 1920களில் அடுக்கு மூடிகளோடு ஒரு மின்விளக்கு செய்தார். பல்பு நேரே கண்ணில் படக்கூடாது என்பதே அவருடைய நோக்கம். அம்மா அவரைக் கேள்விப்பட்டதில்லை. இருவரும் கண்ட வழி ஒன்று.

இன்றைக்கு ரியூசன் கொட்டில்களில் எல்ஈடி பனல்கள். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனால் பளபளக்கும் வெள்ளைப் பலகையில் பனல் தெரிந்து எழுத்தை மறைக்கிறது. பனல் வாங்குகிறவர்கள் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். வாசிக்கும், எழுதும் இடங்களில் கண்கூச்ச அளவு (UGR) 19ஐத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பியத் தரநிலை சொல்கிறது. பெட்டியில் அந்த எண்ணைத் தேடுங்கள். பூட்டிய பிறகு, பிள்ளை இருக்கும் வாங்கில் நீங்களே இருந்து பலகையைப் பாருங்கள். கூசினால் பனலை இடம் மாற்றிப் பூட்டுங்கள்.